பணம் இருந்தும் கிளப்பில் ஏன் இடம் கிடைப்பதில்லை?

கம்பம், கூடலூர், போடிப் பக்கம் ‘கிளப்’ என்று சொன்னால் நாலு பேர் நாலு விதமாகப் புரிந்துகொள்வார்கள். வயதானவர்களுக்கு அது கிளப்புக்கடை, இட்லியும் காபியும் கிடைக்கும் இடம். குமுளியைத் தாண்டினால் முக்குக்கு முக்கு ‘ஆர்ட்ஸ் அண்ட் ஸ்போர்ட்ஸ் கிளப்’ போர்டு. ஓணத்துக்கு வடம் இழுக்கிற பையன்கள் கூடும் கொட்டகை அது. பீர்மேடு, மூணாறு என்று மேலே ஏறினால் எஸ்டேட் துரைமார் காலத்துக் கிளப்புகள், வாசலிலேயே ‘உறுப்பினர்களுக்கு மட்டும்’ என்று எழுதியிருக்கும். நாலாவதாக, பேப்பரில் அடிக்கடி அடிபடுகிற மனமகிழ் மன்றம்: ஊருக்குள் ஒரு கட்டடம் எழும்பும், மன்றம் என்று பெயர் இருக்கும், உள்ளே மது விற்கும், ஊர்ப் பெண்கள் மறியலுக்கு உட்காருவார்கள்.

குழப்பம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. கீழே உள்ள மன்றத்தில் காசைக் கட்டினால் அன்று சாயங்காலமே மெம்பர் கார்டு கையில் கொடுத்துவிடுகிறார்கள். மேலே உள்ள கிளப்பில் பத்து வருஷம் காத்திருந்தும் ‘இல்லை’ என்று ஒரு வரிக் கடிதம் வருகிறது, காரணமும் சொல்வதில்லை. சட்டம் இரண்டையும் ‘கிளப்’ என்றுதான் சொல்கிறது. அப்படியானால் எது சரி? இதற்குப் பதில் தேட, ஒரு கிளப் புது ஆளை எப்படிச் சேர்க்கிறது என்பதை அடியிலிருந்து பார்க்க வேண்டும். கிளப்பைக் கிளப்பாக்குவதே அந்த நடைமுறைதான். கட்டடம், டென்னிஸ் கோர்ட், பில்லியர்ட்ஸ் மேஜை எல்லாம் அப்புறம் வருபவை.

கிளப் யாருடைய சொத்து?

இரண்டு வகை உண்டு. ஒன்று, முதலாளி கிளப்: ஒருவரோ ஒரு கம்பெனியோ முதல் போட்டு நடத்தும், வருகிறவர் வாடிக்கையாளர், லாபம் முதலாளிக்கு. ஜிம், ரிசார்ட் போன்றவை ‘கிளப் மெம்பர்ஷிப்’ என்று விற்பது பெரும்பாலும் இந்த வகை. அங்கே சேர்வது ஒரு வியாபாரம்தான், முன்மொழிதல், வழிமொழிதல் என்று எதுவும் தேவையில்லை.

மற்றது உறுப்பினர் கிளப். இதற்கு முதலாளி கிடையாது. சேர்ந்தவர்கள் எல்லாருமாகத்தான் சொந்தக்காரர்கள். அவர்கள் தேர்ந்தெடுக்கும் கமிட்டி நிர்வாகம் பார்க்கும், சம்பளத்துக்கு ஒரு செக்ரட்டரி இருப்பார். லாபம் என்று மிஞ்சினால் யாரும் பங்கு பிரித்துக்கொண்டு போக முடியாது. பதிவு எங்கே என்பது ஊரைப் பொறுத்தது, எல்லைப் பகுதியில் இது கொஞ்சம் வேடிக்கையாகவே இருக்கும். தமிழ்நாட்டுப் பக்கம் 1975ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டம். குமுளி, மூணாறு பழைய திருவிதாங்கூர் மண் என்பதால் அங்கே 1955ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர்-கொச்சிச் சட்டம். அதே கேரளத்தில் பாலக்காடு பழைய மலபார், அங்கே 1860ஆம் ஆண்டுச் சட்டம் ஓடுகிறது. சித்தூர், நகரி, புத்தூர்ப் பக்கம் போனால் 2001ஆம் ஆண்டு ஆந்திரச் சட்டம். சங்கமாகப் பதியாமல் கம்பெனிச் சட்டப்படி, லாப நோக்கம் இல்லாத கம்பெனியாகப் பதிவான கிளப்புகளும் நிறைய. எந்தச் சட்டமாக இருந்தாலும், யாரைச் சேர்ப்பது என்பதை கிளப்பின் பைலாவுக்கே, அதாவது அது தனக்கு எழுதிவைத்த விதிகளுக்கே, விட்டுவிடுகிறார்கள்.

இப்போது ஒரு முக்கியமான விஷயம். பழைய கிளப்புகளில் ரொக்கம் புழங்காது. டீ குடித்தாலும் சீட்டில் கையெழுத்து, ரூம் எடுத்தாலும் சீட்டில் கையெழுத்து, மாசக் கடைசியில் மொத்தமாக ஒரு பில் வீட்டுக்கு வரும். கார்டு தேய்க்கிற காலம் வந்த பிறகும் கணக்கு இதே மாதிரிதான் ஓடுகிறது. இதற்கு அர்த்தம், கிளப் தன் ஒவ்வொரு உறுப்பினருக்கும் எப்போதும் கடன் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. அந்தக் கடனைக் கொடுப்பது மற்ற உறுப்பினர்களின் பணம்.

ஏலச்சீட்டு போட்டவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். இருபது பேர் சீட்டில் இருபத்தோராவதாக ஒருத்தரைச் சேர்க்கும்போது அவர் பெரிய ஆளா, படித்தவரா என்று யாரும் பார்ப்பதில்லை. சீட்டை எடுத்த பிறகு மிச்சத் தவணையைக் கட்டுவாரா, கட்டாவிட்டால் யாரைப் போய்க் கேட்பது, அவ்வளவுதான் கேள்வி. ‘இவருக்கு நான் ஜவாப்தாரி’ என்று ஒருத்தர் சொன்னால் சேர்ப்பார்கள். கிளப்பில் முன்மொழிபவர் அந்த ஜவாப்தாரிதான். மற்றதெல்லாம் இதன் மேல் ஏறிய அலங்காரம்.

படிப்படியாக என்ன நடக்கிறது

போடியில் ஏலக்காய் வியாபாரம், வண்டன்மேட்டில் பத்து ஏக்கர் தோட்டம், புத்தடியில் நடக்கும் ஏலக்காய் ஏலத்துக்குப் போய்வருகிறவர் ஒருவர் மலைமேல் இருக்கும் ஒரு கிளப்பில் சேர ஆசைப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். எண்ணிக்கை, கட்டணம், கால அளவு எல்லாம் கிளப்புக்குக் கிளப் மாறும். வரிசை மட்டும் ஏறக்குறைய எல்லா இடத்திலும் இதுதான்.

1. ஆள் பிடிப்பது. நேராகப் போய் ஃபாரம் கேட்டால் கிடைக்காது. ஃபாரத்தையே ஓர் உறுப்பினர்தான் வாங்க முடியும். அவர் முன்மொழிபவர், இன்னொருவர் வழிமொழிபவர். பல பைலாக்களில் இவர்கள் இத்தனை வருஷம் பழைய உறுப்பினர்களாக இருக்க வேண்டும், பாக்கி வைத்திருக்கக் கூடாது, வருஷத்துக்கு இத்தனை பேருக்கு மேல் முன்மொழியக் கூடாது என்று கட்டுப்பாடு உண்டு. தேர்தல் சமயத்தில் ஒரே ஆள் தன் கோஷ்டியை மொத்தமாக உள்ளே கொண்டுவந்துவிடாமல் இருக்கத்தான் கடைசி விதி. கமிட்டியில் இருப்பவர் முன்மொழியவே கூடாது என்று வைத்திருக்கும் கிளப்புகளும் உண்டு, சேர்க்கிறவரே சிபாரிசும் செய்தால் நன்றாக இருக்காதே.

2. புத்தகத்தில் பெயர். விண்ணப்பதாரர் புத்தகம் என்று ஒன்று வைத்திருப்பார்கள். ஒரு பக்கத்துக்கு ஒரு பெயர், மேலே பெயர், தொழில், விலாசம், முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர், கீழே வெற்றிடம். அவரைத் தெரிந்த உறுப்பினர்கள் அந்த வெற்றிடத்தில் கையெழுத்துப் போட வேண்டும். விஷயம் தெரிந்தவர்கள் இந்தப் பக்கத்தைப் படிக்கிற விதமே வேறு. எத்தனை கையெழுத்து என்பதோடு யாருடைய கையெழுத்து இல்லை என்பதையும் பார்ப்பார்கள். போடிக்காரர் பக்கத்தில் ஏலக்காய்க்காரர்கள் யாருமே கையெழுத்துப் போடவில்லை என்றால், அதே தொழிலில் இருக்கிறவர்கள் ஏன் ஒதுங்கினார்கள் என்று கமிட்டியில் ஒருவராவது நினைப்பார்.

3. போர்டில் பெயர். இரண்டு மூன்று வாரம் நோட்டீஸ் போர்டில் போட்டோவோடு ஒட்டிவைப்பார்கள். ஆட்சேபணை உள்ளவர் செக்ரட்டரிக்கு ரகசியமாக எழுதலாம். பாதிப் பேருடைய விதி இங்கேயே முடிந்துவிடும், சத்தமில்லாமல். செக்ரட்டரி முன்மொழிந்தவரைத் தனியாகக் கூப்பிட்டு, ‘அண்ணே, இந்தப் பெயரை இப்போதைக்கு வாபஸ் வாங்கிக்கொள்ளுங்களேன்’ என்பார். வாபஸ் வாங்கினால் தோற்றதாகக் கணக்கில் வராது, ஒரு வருஷம் கழித்து மறுபடி போடலாம். ஓட்டெடுப்பில் தோற்றால் பல இடங்களில் இரண்டு மூன்று வருஷத்துக்கு வாசல் கதவு சாத்தல்தான்.

4. முகம் பார்ப்பது. கமிட்டியோடு ஒரு சாயங்காலம். தம்பதியாக வரச் சொல்வார்கள். கேள்வி பதில் என்று பெரிதாக ஒன்றும் இருக்காது; பேச்சு மழையைப் பற்றி, ஏலக்காய் விலையைப் பற்றி ஓடும். என் கருத்தில் மொத்த நடைமுறையிலேயே நாணயமில்லாத கட்டம் இதுதான். சேர்ந்து பழக முடியுமா என்று பார்க்கிறோம் என்பார்கள், உண்மையில் பார்க்கப்படுவது உடுப்பும் இங்கிலீஷும்.

5. ஓட்டெடுப்பு. இதற்குத் தனித் தலைப்பே வேண்டும், கீழே வருகிறது.

6. கட்டணம், தகுதிகாண் காலம். தேறினால் நுழைவுக் கட்டணம், அப்புறம் மாதச் சந்தா. ஓட்டுரிமை உடனே வராது. முதல் சில மாதமோ வருஷமோ தற்காலிக உறுப்பினர். அந்தக் காலத்தில் பாக்கி வைத்தால் முன்மொழிந்தவரிடமே வசூலிக்கலாம் என்று எழுதிவைத்திருக்கும் பைலாக்கள் உண்டு. சீட்டு ஜாமீன் இங்கே பச்சையாகத் தெரியும். பாக்கிக்காரர் பெயரை நோட்டீஸ் போர்டில் எழுதி ஒட்டும் வழக்கமும் இருக்கிறது, அதைப் ‘போஸ்டிங்’ என்பார்கள். பணத்தைவிட அந்தச் சீட்டைக் கிழிக்கத்தான் ஜனங்கள் ஓடிவருவார்கள்.

பெட்டியும் உருண்டையும்

மூடிய மரப்பெட்டி. முன்னால் கை நுழைகிற அளவு ஒரு வட்டத் துவாரம், சில பெட்டிகளில் அதற்கு ஒரு தோல் உறை, முழங்கை வரை மறைந்துவிடும். உள்ளே இரண்டு அறை, ‘ஆம்’ ஒரு பக்கம், ‘இல்லை’ ஒரு பக்கம். ஓட்டுப் போடுகிறவர் கையில் ஓர் உருண்டை. கை உள்ளே போகிறது, வலப்பக்கமா இடப்பக்கமா என்று பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாது, டொக் என்று ஒரு சத்தம் மட்டும். இன்னொரு முறையில் வெள்ளை உருண்டை, கறுப்பு உருண்டை இரண்டும் கிண்ணத்தில் இருக்கும், ஒன்றை எடுத்துப் போட வேண்டும்; மங்கலான வெளிச்சத்தில் தப்பாக எடுத்துவிடக் கூடாது என்று கறுப்பை மட்டும் சதுரக் கட்டையாகச் செய்துவைக்கும் வழக்கமும் உண்டு, விரலுக்கே தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் ஓட்டுச்சீட்டுக்கு ‘பேலட்’ என்ற பெயர் வந்ததே சின்ன உருண்டை என்று பொருள்படும் இத்தாலியச் சொல்லிலிருந்துதான். இன்று பல கிளப்புகளில் பெட்டி கண்ணாடி அலமாரிக்குப் போய்விட்டது, காகிதத்தில் ‘டிக்’ அடிக்கிறார்கள். ஆனால் கணக்கு மாறவில்லை.

கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். சாதாரணத் தேர்தலில் 30 பேர் ஓட்டுப் போட்டால் 16 பேர் வேண்டும் என்றால் சேர்ந்தாயிற்று. கிளப்பில் ‘பத்துக்கு ஒரு கறுப்பு விழுந்தால் இல்லை’ என்ற மாதிரி விதி. அதாவது 30 பேரில் 27 பேர் ‘வரட்டும்’ என்றாலும் 3 பேர் ‘வேண்டாம்’ என்றால் வேண்டாம்தான். பழைய விதி சிலவற்றில் ஒரே ஓர் உருண்டை போதும். பார்க்க அநியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இங்கே ஓட்டு தலைவரைத் தேர்ந்தெடுக்க இல்லை. முப்பது வருஷம் ஒரே வராந்தாவில் உட்காரப் போகிற ஆளை எடுக்கிறார்கள். பெரும்பான்மைக்குப் பிடித்தவரை விட, யாருக்கும் ஆகாதவராக இல்லாதவர் போதும் என்பது அதன் லாஜிக். கூட்டுக் குடும்பத்தில் சம்பந்தம் பேசுகிற மாதிரி. பத்துப் பேர் சரி என்று சொன்ன பிறகும் ஒரு பெரியப்பா முகத்தைத் தூக்கிவைத்தால் பேச்சு நின்றுவிடும்.

இந்த இடத்தில் உத்திரமேரூர் நினைவுக்கு வராமல் இருக்காது. முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகளில் வரும் குடவோலை முறை, பத்தாம் நூற்றாண்டு. அதையும் இதையும் ஒன்றாக்கிப் பேசுகிறார்கள், ஒன்றில்லை. குடவோலையில் தகுதி, தகுதியின்மை எல்லாம் கல்லில் வெட்டிவைத்திருந்தது: சொந்த நிலம், சொந்த மனையில் வீடு, 35 முதல் 70 வயது, முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவுக்காரரும் கூடாது. அந்த வடிகட்டலில் தேறிய பிறகு பெயர் குடத்துக்குள் போகும், சின்னப் பையன் ஒருவன் எடுப்பான், விழுந்தவருக்கு அதிர்ஷ்டம். ஆளின் மேல் உள்ள வெறுப்புக்கு அங்கே இடமே வைக்கவில்லை. கிளப் பெட்டி நேர் எதிர்: தகுதி என்று எழுதியது கொஞ்சம், மீதி எல்லாம் கையை உள்ளே விடுகிறவரின் மனசு.

காரணம் ஏன் சொல்வதில்லை? கோர்ட்டுக்குப் போகலாமா?

சுருக்கமாகச் சொன்னால், சேர்க்கவில்லை என்று போனால் பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது. சேர்த்த பிறகு நீக்கினார்கள் என்று போனால் கேட்பார்கள்.

அரசியலமைப்பின் 19(1)(சி) பிரிவு சங்கம் சேரும் உரிமையைத் தருகிறது. யாரோடு சேருவது என்பதும் அதற்குள் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1971இலேயே, இந்தி சாகித்ய சம்மேளன வழக்கில் சொல்லிவிட்டது. ஏற்கெனவே இருக்கும் சங்கத்துக்குள் சட்டம் போட்டு ஆட்களைத் திணிக்க முடியாது என்று நாடாளுமன்றச் சட்டத்தையே ரத்து செய்தது. 2005இல் குஜராத் பார்சி வீட்டுவசதிச் சங்க வழக்கில் ‘பார்சிகளுக்கு மட்டும் உறுப்பினர்’ என்ற பைலாவும் செல்லும் என்று தீர்ப்பு. கடை, உணவகம், ஓட்டல், பொதுக் கேளிக்கை இடம் இவற்றில் சாதி மதம் பார்த்து யாரையும் தடுக்கக் கூடாது என்று 15(2) பிரிவு சொல்கிறது. உறுப்பினர் மட்டும் போகும் கிளப் ‘நாங்கள் பொது இடம் இல்லை’ என்று அதிலிருந்து விலகி நின்றுகொள்ளப் பார்க்கிறது.

நீக்குவது வேறு கதை. 1960களின் தொடக்கத்தில், பெல்காம் ஃப்ரீமேசன் லாட்ஜ் (தங்கும் விடுதி இல்லை, ஃப்ரீமேசன் என்ற சகோதரச் சங்கத்தின் கிளை) ஒன்றிலிருந்து நீக்கப்பட்டவர் வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்லையைக் கோடு போட்டது: பைலாவில் உள்ளபடி நடந்திருக்க வேண்டும், குற்றச்சாட்டைச் சொல்லி அவர் பக்கத்தைக் கேட்டிருக்க வேண்டும், நல்லெண்ணத்தோடு செய்திருக்க வேண்டும். இவ்வளவு இருந்தால் கோர்ட் தலையிடாது. வழக்குப் போட்டவர் என்னவோ தோற்றுத்தான் போனார், ஆனால் விதி நின்றுவிட்டது. உள்ளே இருப்பவருக்குச் சொத்தில் பாத்தியம் இருக்கிறது, வெளியே நிற்பவருக்கு ஆசை மட்டும்தான் இருக்கிறது. சட்டம் முதலாவதைத்தான் காப்பாற்றும்.

தகவல் அறியும் சட்டத்தில் ‘என்னை ஏன் சேர்க்கவில்லை’ என்று மனுப் போடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அந்தச் சட்டம் பொது அதிகார அமைப்புகளைத்தான் கட்டும். கேரளத்துத் தலப்பாலம் கூட்டுறவு வங்கி வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம் சொன்னது: சட்டப்படி பதிவானது, அரசு மேற்பார்வை பார்க்கிறது என்பதால் மட்டும் ஒரு சங்கம் பொது அதிகார அமைப்பு ஆகாது, அரசின் கையில் இருக்க வேண்டும் அல்லது கணிசமாக அரசுப் பணத்தில் நடக்க வேண்டும். பெரும்பாலான கிளப்புகள் இதில் நழுவிவிடும்.

விதிப் புத்தகத்தில் சாதி என்று எழுத இன்று எந்த கிளப்புக்கும் துணிச்சல் வராது. எழுதத் தேவையும் இல்லையே, கறுப்பு உருண்டைக்கு வாய் கிடையாது. காரணம் சொல்ல வேண்டாம் என்ற ஏற்பாடு முன்மொழிந்தவரின் மானத்தைக் காக்க வந்தது என்பது உண்மை. அதே ஏற்பாட்டுக்குள் சொல்லக் கூசும் காரணங்கள் எல்லாம் பத்திரமாக ஒளிந்துகொள்கின்றன என்பதும் உண்மை.

யாருக்கு இடம் இல்லாமல் இருந்தது

மெட்ராஸ் கிளப் 1832இல் தொடங்கியது. நூறு வருஷத்துக்கும் மேல் இந்தியர் யாரும் உறுப்பினர் ஆக முடியவில்லை. அந்தக் கதவு திறக்காது என்று தெரிந்துதான் 1873இல் காஸ்மாபாலிட்டன் கிளப் வந்தது. நம் மலைப்பக்கம் மூணாறு ஹை ரேஞ்ச் கிளப் 1909. பழைய தோட்டத் துரைமார் விட்டுப்போன தொப்பிகள் அங்கே பார் சுவரில் வரிசையாகத் தொங்குகின்றன, போகிறவர்கள் எல்லாம் போட்டோ எடுத்துவருவார்கள். அந்தத் தோட்டங்களில் கொழுந்து கிள்ளியவர்கள் நம்மூரிலிருந்து மலையேறிப் போய் லயத்தில், அதாவது தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகளில், குடியிருந்தவர்கள். அவர்கள் பெயர் எந்த விண்ணப்பப் புத்தகத்திலும் ஏறவில்லை, ஏறுவது பற்றிய பேச்சுக்கே இடமில்லை. கறுப்பு உருண்டை தேவைப்பட்டது ஏறக்குறைய சமமானவர்களுக்குள் மட்டும்தான்.

உடுப்பும் ஒரு வடிகட்டிதான். 2014 ஜூலையில் சேப்பாக்கத்தில் ஒரு கிளப் நிகழ்ச்சிக்கு வேட்டியில் போன சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஹரிபரந்தாமனை வாசலிலேயே நிறுத்தினார்கள். அடுத்த மாதமே தமிழ்நாடு சட்டமன்றம் சட்டம் போட்டது: வேட்டி கட்டியதற்காகத் தடுத்தால் உரிமம் ரத்து, ஒரு வருஷம் வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம். அது தமிழ்நாட்டுச் சட்டம், குமுளிச் சோதனைச்சாவடியோடு நின்றுவிடும். அந்தப் பக்கம் ஊரே முண்டு கட்டுகிறது என்பது வேறு விஷயம்.

வரிசை ஏன் நகர்வதில்லை

எண்ணிக்கைக்கு உச்சவரம்பு இருப்பதால். கற்பனைக் கணக்காக 1,000 பேர் வரம்புள்ள கிளப்பை எடுத்துக்கொள்ளுங்கள். இறப்பு, ராஜினாமா எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு 20 இடம் காலியாகிறது. அதில் 10 இடம் உறுப்பினரின் பிள்ளைகளுக்கு என்று பைலா சொல்கிறது. மிச்சம் 10. வெளியில் 300 பேர் நின்றால் கடைசி ஆளுக்கு 30 வருஷம்.

டெல்லி ஜிம்கானா விவகாரம் இதன் முற்றிய வடிவம். 1913இல் ஆரம்பித்த கிளப், அரசு குத்தகை நிலம், பல பத்தாண்டு வரிசை. பிள்ளைகளுக்கு மட்டும் குறுக்குவழி, வெளியாட்களிடம் பதிவுக் கட்டணம் வாங்கி வருஷக்கணக்கில் காக்கவைத்தார்கள் என்பவை புகார்களில் சில. மத்திய கம்பெனி விவகார அமைச்சகம் 2020இல் தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போனது. 2022 ஏப்ரலில், அரசே 15 பேரை நியமித்து நிர்வகிக்கலாம் என்று உத்தரவு வந்தது. கவனிக்க வேண்டியது, யாரைச் சேர்ப்பது என்ற உரிமையை நேராக யாரும் தொடவில்லை. கம்பெனியாகப் பதிவானதால் நிர்வாகம் என்ற வாசல் வழியாக உள்ளே வந்தார்கள்.

ரோட்டரி, லயன்ஸ் இவற்றில் இந்த வரிசைத் தொல்லை கிடையாது, அங்கே ஆள் சேர்ப்பதே ஒரு வேலை. ஆனால் அங்கேயும் அழைப்பின் பேரில்தான் சேர முடியும். ரோட்டரியில் ஆரம்பத்தில் ஒரு தொழிலுக்கு ஓர் ஆள் என்றே விதி.

வரியும் மதுவும்: சேர்க்கை நிஜமாக இருக்க வேண்டியது ஏன்

இனி, ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு வரலாம்.

நம் வீட்டில் நாலு பேர் காசு போட்டுச் சமைத்துச் சாப்பிட்டால் அது விற்பனை இல்லை. உறுப்பினர் கிளப்பும் அப்படித்தான்: கொடுப்பவரும் பெறுபவரும் ஒரே கூட்டம், தனக்குத் தானே விற்க முடியாது. இதைப் பரஸ்பரக் கோட்பாடு என்பார்கள். கல்கத்தா கிளப் வழக்கில் 2019 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்து, உறுப்பினருக்குப் பரிமாறியதற்கு விற்பனை வரி இல்லை என்றது. அதன் பிறகு மத்திய அரசு 2021 நிதிச் சட்டத்தில், கிளப்பும் உறுப்பினரும் தனித்தனி ஆட்களாகவே கருதப்படுவார்கள் என்று 2017 ஜூலை 1 முதல் முன்தேதியிட்டு ஜிஎஸ்டி சட்டத்தைத் திருத்தியது. 2025 ஏப்ரலில் இந்திய மருத்துவ சங்கத்தின் கேரளக் கிளை போட்ட வழக்கில் கேரள உயர் நீதிமன்றம் அந்தத் திருத்தம் அரசியலமைப்புக்கு முரண் என்று சொல்லிவிட்டது. கூட்டத்துக்கு வெளியே பணம் போனால் கோட்பாடும் அங்கேயே அறுந்துவிடும்: பெங்களூர் கிளப் தன் உபரியை வங்கிகளில் போட்டது, அந்த வங்கிகளும் கிளப்பின் கார்ப்பரேட் உறுப்பினர்களே, ஆனாலும் வட்டிக்கு வருமான வரி உண்டு என்று 2013இல் தீர்ப்பு.

மதுவும் இதே அடித்தளத்தில் நிற்கிறது. தமிழ்நாட்டில் 2003 கடைசியிலிருந்து சில்லறை மது விற்பனை டாஸ்மாக் கையில். 1981ஆம் ஆண்டு உரிம விதிகளில் கிளப்புகளுக்கு எஃப்.எல்.2 என்று தனி உரிமம் இருக்கிறது. முதலாளி கிளப்புக்கு அல்ல, உறுப்பினர் கிளப்புக்கு, அதுவும் தன் உறுப்பினருக்குப் பரிமாற மட்டும். கேரளத்தில் இதற்கு எஃப்.எல்.4ஏ என்று பெயர். ‘உறுப்பினர்’ என்ற ஒரு சொல்தான் இந்தச் சலுகையின் முழு எடையையும் தாங்குகிறது. வாசலில் 100 ரூபாய் வாங்கிக்கொண்டு அப்போதே கார்டு கொடுத்தால், அங்கே நிற்பவர் உறுப்பினரா வாடிக்கையாளரா? வாடிக்கையாளர் என்றால் அது பார், கிளப் உரிமத்தில் நடத்த முடியாது.

ஆகவே ஊரில் மன்றத்துக்கு எதிராக மனுக் கொடுப்பவர்கள் ‘குடியைக் கெடுக்கிறது’ என்று எழுதுவதோடு நிற்காமல், கீழே உள்ளவற்றைக் கேட்டால் அதிகாரிகள் பதில் சொல்லியாக வேண்டியிருக்கும்:

1. பைலாவின் நகல். சேர்க்கை எப்படி என்று அதில் கட்டாயம் எழுதியிருக்கும். முன்மொழிபவர், வழிமொழிபவர், கமிட்டித் தீர்மானம் என்று அழகாகவே எழுதியிருப்பார்கள், பத்திரம் எழுதுகிறவரிடம் ரெடிமேட் பிரதி இருக்கிறது.

2. உறுப்பினர் பதிவேடு. ஒரே நாளில் எத்தனை பேர் சேர்ந்திருக்கிறார்கள், எத்தனை பேருக்கு ஒரே ஆள் முன்மொழிந்திருக்கிறார்.

3. கமிட்டிக் கூட்ட மினிட்ஸ். பதிவேட்டில் உள்ள பெயர்கள் எந்தத் தீர்மானத்தில் ஏற்கப்பட்டன.

4. விருந்தினர் புத்தகம். விருந்தினர் என்றால் அழைத்துவந்த உறுப்பினரின் கையெழுத்து வேண்டும், பில்லும் அவர் கணக்கில்தான் போக வேண்டும்.

5. ஆண்டுப் பொதுக்குழுவும் கணக்கும். உபரி எங்கே போகிறது? ஒரே ஆள் பெயரில் கட்டட வாடகையாகவோ நிர்வாகக் கட்டணமாகவோ மொத்தமும் வெளியேறினால் அங்கே முதலாளி ஒருவர் இருக்கிறார் என்று அர்த்தம், போர்டில் மன்றம் என்று எழுதியிருந்தாலும்.

சீட்டாட்டத்துக்கும் இதே மாதிரி ஒரு வாதம் உண்டு. செகந்திராபாத் கிளப் ஒன்றின் வழக்கில் 1967இல் உச்ச நீதிமன்றம் ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டம், உறுப்பினருக்குச் சீட்டுக்கட்டும் மேஜையும் கொடுத்துச் சின்னக் கட்டணம் வாங்குவதாலேயே கிளப் சூதாட்ட விடுதி ஆகிவிடாது என்றது. ஆந்திர எல்லையில் ரெய்டு நடக்கும்போதெல்லாம் இந்தத் தீர்ப்பை நீட்டுவார்கள். அதே தீர்ப்பு, ஆட்டத்தில் கிளப் லாபம் பார்த்தால் நிலைமை வேறு என்றும் சொல்லியிருப்பதை நீட்டுகிறவர்கள் படிப்பதில்லை.

மேலே சொன்ன ஐந்தில் முதலில் கேட்க வேண்டியது இரண்டாவதைத்தான். பைலாவைத் திருத்தி எழுதலாம், மினிட்ஸை ஒரே ராத்திரியில் உட்கார்ந்து எழுதிவிடலாம். பதிவேட்டில் விண்ணப்பத் தேதிக்கும் கார்டு கொடுத்த தேதிக்கும் நடுவே எத்தனை நாள் இருக்கிறது என்று பாருங்கள். போடிக்காரருக்கு அந்த இடைவெளி பத்து வருஷம். மன்றத்துப் பதிவேட்டில் இரண்டு கட்டத்திலும் ஒரே தேதி, ஒரே பேனா, ஒரே கையெழுத்து.